எத்தனை கிரே பட்டது? கதிர்வீச்சுக் கேஸ் வந்தால் முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியது

கதிர்வீச்சு என்றதும் நம் ஆட்களுக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நினைவுக்கு வரும். கடலூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரக்கூடிய கேஸ் அங்கிருந்து வருவதைவிட, சிப்காட்டிலோ நெய்வேலியிலோ குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் எடுக்கும் ராத்திரி ஷிப்டிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் ஏதாவது பழைய இரும்புக் கடையிலிருந்து வரும். 2010இல் டெல்லி மாயாபுரியில் அப்படித்தான் நடந்தது. டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் பொருள் இருந்தது, அதைப் பிரித்த கடைக்காரர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார்.

நான் கடலூரில் கேஷுவாலிட்டி பார்க்கிற டாக்டர். என் தம்பி கொஞ்ச காலம் ஆர்டி வேலையில், அதாவது வெல்டிங்கைப் படம் எடுக்கும் அந்த ரேடியோகிராஃபி வேலையில், இருந்தவன். அதனால் கேமரா (சோர்ஸை வைத்திருக்கும் கவசப் பெட்டி), சோர்ஸ் (கதிர்வீசும் துண்டு), கிராங்க் (சோர்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் கைப்பிடி), கைடு டியூப் (சோர்ஸ் ஓடும் குழாய்) என்ற பேச்செல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே அடிபட்டது. அவன் ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தொழிலில் இருக்கும் பையன்களுக்கு ஏதாவது ஆனால் நம்மிடம்தான் முதலில் வருவார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் ட்யூட்டி பார்க்கும் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, கிரே என்ற அலகில் கணிக்க ஏதோ பெரிய கருவி வேண்டும், அது நம்மிடம் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குத் தேவை ஒரு கடிகாரம், ரத்த அணுக்களை எண்ணும் ஒரு சிபிசி மெஷின், ரத்தம் எடுக்க ஒரு பச்சை மூடி டியூப். மூன்றும் நம்மிடம் உண்டு. முதல் வாந்தி எத்தனை மணிக்கு, முதல் ரத்தம் எத்தனை மணிக்கு என்பதை அன்றைக்கே எழுதாமல் விட்டால், மறுநாள் யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. சிகிச்சை முடிவு அந்த நேரங்களை நம்பித்தான் நிற்கிறது.

ஆள் உள்ளே வந்தவுடன்

முதலில் சோர்ஸ் எங்கே என்று கேளுங்கள். ஆளைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பெருவில் யனாங்கோ என்ற இடத்தில் 1999இல் ஒரு வெல்டர், கீழே கிடந்த இரிடியம்-192 சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பேன்ட் பின்பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. சோர்ஸ் பார்க்கச் சின்ன இரும்புத் துண்டு போலத்தான் இருக்கும். ஆகவே கூட வந்தவரிடம் "சோர்ஸ் கேமராவுக்குள் போயிடுச்சா? சர்வே மீட்டர் வச்சுப் பார்த்தது யாரு?" என்று நேராகக் கேட்க வேண்டும். "போயிருக்கும் மேடம்" என்ற பதில் போதாது. கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைப் போனில் பிடித்து, கதிர்வீச்சை அளக்கும் அந்த மீட்டரில் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஆள் மேலேயும் ஒருமுறை மீட்டர் ஓட வேண்டும்.

சோர்ஸ் பத்திரமாக இருக்கிறது, அதன் உறை உடையவில்லை என்று தெரிந்துவிட்டால் நோயாளியைத் தொட நமக்குப் பயமே வேண்டாம். அவர் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வராது. இதை நர்ஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நிற்கும். பொடியோ திரவமோ மேலே பட்டிருந்தால்தான் கதை வேறு. அப்போது உடைகளைக் கழற்றிப் பையில் கட்டி வைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். உடையைக் கழற்றினாலே மேலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும்.

அடி, ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு யாரையும் அரை மணி நேரத்தில் கொல்வதில்லை. சாரத்திலிருந்து விழுந்த அடி கொல்லும்.

வாந்தி என்கிற முதல் அளவுகோல்

உடம்பு முழுக்கப் பட்டிருந்தால், பட்ட நேரத்திலிருந்து முதல் வாந்தி வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது முதல் தடயம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் டோஸ் 1 முதல் 2 கிரே வரை இருக்கலாம். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் 2 முதல் 4 கிரே. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 4 முதல் 6, அரை மணிக்குள் என்றால் 6 முதல் 8. பத்து நிமிஷத்துக்குள் வாந்தி எடுத்தால் 8 கிரேக்கு மேல் என்று பயப்பட வேண்டும்.

இந்த அட்டவணையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பயத்தில் வாந்தி எடுப்பவர் உண்டு. ராத்திரி தள்ளுவண்டியில் சாப்பிட்ட புரோட்டாவுக்கு வாந்தி எடுப்பவரும் உண்டு. கூட வேலை செய்தவர்களில் வேறு யாருக்காவது வாந்தியா, எத்தனை முறை, பேதி உண்டா, தலைவலி உண்டா, காய்ச்சல் எவ்வளவு என்று சேர்த்துக் கேட்டால்தான் படம் தெளியும். 1, 2 கிரே பட்டவர்களில் பலருக்கு வாந்தியே வராது. அதனால் வாந்தி இல்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரான் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் மணியைக் குறித்துவிடுங்கள், ஊசி போட்ட பிறகு அந்தத் தடயம் மங்கிவிடும்.

சிபிசி: மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது

உடம்பின் செல்களில் கதிர்வீச்சுக்கு மிகச் சீக்கிரம் சாகிறவற்றில் லிம்போசைட் என்ற வெள்ளணு ஒன்று. டோஸ் கூடக் கூட அது இறங்கும் வேகமும் கூடும். வந்தவுடன் ஒரு சிபிசி, பிறகு முதல் 48 மணி நேரம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் தினம் ஒன்று. முடிந்தவரை ஒரே மெஷினில் போடுங்கள். ஒவ்வொரு டியூபிலும் ரத்தம் எடுத்த மணி எழுதியிருக்க வேண்டும். ரிப்போர்ட் பிரின்ட் ஆன மணி நமக்கு உதவாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நாளில் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணு ஏறும், அதனால் மொத்த வெள்ளணு எண்ணிக்கை நன்றாகவே தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் ரிப்போர்ட்டில் மொத்தம் 9,600, லிம்போசைட் 25 சதவீதம். அதாவது 2,400. மறுநாள் மொத்தம் 12,000, லிம்போசைட் 9 சதவீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர் "கொஞ்சம் இன்ஃபெக்ஷன்" என்று சொல்லிவிட்டுப் போவார். பெருக்கிப் பாருங்கள், 1,080. ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. 24 மணி நேரத்தில் பாதியாகி, அடுத்த நாளும் இறங்கிக்கொண்டே போனால் உயிருக்கு ஆபத்தான டோஸ் பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

48 மணி நேரத்துக்குள் லிம்போசைட் தொட்ட மிகக் குறைந்த எண்ணிக்கையை வைத்தும் ஒரு கணிப்பு உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்த ஆண்ட்ரூஸ் என்ற டாக்டர் 1965இல் வரைந்த வரைபடத்திலிருந்து வந்தது. 1,000க்கும் 1,500க்கும் இடையில் நின்றால் ஏறத்தாழ 1 முதல் 2 கிரே. 500 முதல் 1,000 என்றால் 2 முதல் 4. 100 முதல் 500 என்றால் 4 முதல் 8. நூறுக்கும் கீழே போனால் 8 கிரேக்கு மேல்.

இப்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோல் சிவந்து யார் வந்தாலும் ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும் ஏற்றிவிடுகிறோம். டெக்ஸா லிம்போசைட்டை இறக்கிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் சிபிசி கதிர்வீச்சைச் சொல்கிறதா ஸ்டீராய்டைச் சொல்கிறதா என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த முதல் 48 மணி நேர சிபிசிகள் முடியும் வரை அவசியமில்லாமல் டெக்ஸா வேண்டாம். வெளியே எங்காவது போட்டுவிட்டு வந்திருந்தால் போட்ட மணியையும் அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பெரிய அடியும் தீக்காயமும்கூட லிம்போசைட்டை இறக்கும்.

ரத்தத்தில் சீரம் அமைலேஸ் என்ற என்சைம் முதல் நாளில் ஏறியிருந்தால் தலை, கழுத்துப் பக்கம், உமிழ்நீர்ச் சுரப்பிகளில் கதிர் பட்டிருக்கலாம். முதல் ரத்தத்தோடே ஒன்று அனுப்பி, மறுநாள் இன்னொன்று பார்த்தால் போதும்.

கேமரா பக்கத்துக் கணக்கு

ஆர்டி ஆட்களிடம் கேட்க வேண்டியது மூன்றுதான்: சோர்ஸின் வீரியம் எத்தனை க்யூரி, எவ்வளவு தூரத்தில் நின்றார், எவ்வளவு நேரம். இரிடியம்-192 சுமார் 74 நாளைக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் வாங்கிய அன்றைய க்யூரியைச் சொன்னால் போதாது, இன்றைய க்யூரி வேண்டும். 60 க்யூரியாக வந்த சோர்ஸ் 74 நாள் கழித்து 30.

ஒரு க்யூரி இரிடியம் ஒரு மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 5 மில்லிகிரே கொடுக்கும். 30 க்யூரி என்றால் மணிக்கு 150. தூரம் பாதியானால் டோஸ் நாலு மடங்கு, பத்தில் ஒன்றானால் நூறு மடங்கு. அரை மீட்டரில் நின்று பத்து நிமிஷம் வேலை பார்த்தவருக்கு உடம்பில் சுமார் 100 மில்லிகிரே பட்டிருக்கும், அதாவது 0.1 கிரே. வாந்தி வராது, சிபிசி இறங்காது. அதே மனிதர் சோர்ஸ் உள்ளே நிற்பது தெரியாமல் கைடு டியூப் நுனியைப் பிடித்துக் கழற்றியிருந்தால், விரலுக்கும் சோர்ஸுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர்தான். அங்கே நிமிஷத்துக்கு 25 கிரே. பதினைந்து நொடி பிடித்திருந்தாலே 6 கிரேக்கு மேல்.

உடம்பு டோஸ் வேறு, விரல் டோஸ் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய விவரத்தைப் பையனிடம் பொறுமையாகத்தான் வாங்க முடியும். மேனேஜர் பக்கத்தில் நின்றால் அவன் வாய் திறக்க மாட்டான், அவரை வெளியே உட்கார வையுங்கள். "எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டால் "கொஞ்ச நேரந்தான்" என்பான். நான் ஒரு பேனாவைக் கையில் கொடுத்து, "இதுதான் டியூப், அன்னிக்கு எப்படிப் பிடிச்சே, அப்படியே பிடிச்சுக் கழட்டிக் காட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு நொடி முள்ளைப் பார்ப்பேன். எந்தக் கை, எந்த விரல், இடுப்புக்கு எவ்வளவு பக்கம் என்று எல்லாமே அதில் தெரிந்துவிடும்.

நெஞ்சில் குத்தும், பட்ட டோஸைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜை வாங்கிப் பத்திரப்படுத்தி, அவசரமாகப் படிக்க அனுப்பக் கம்பெனியிடம் சொல்லுங்கள். அன்றைக்கு அதை உண்மையிலேயே மாட்டியிருந்தாரா, பையில் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். பேட்ஜ் நெஞ்சுக்குத்தான் பதில் சொல்லும். விரலுக்குச் சொல்லாது. சர்வே மீட்டர் எண்களை இவர்கள் "எம்ஆர்" (மில்லி ராண்ட்ஜன்) கணக்கில் சொல்வார்கள், ஆயிரம் எம்ஆர் ஏறத்தாழ 10 மில்லிகிரே.

பச்சை மூடி டியூப்

டோஸை உறுதியாகச் சொல்வது குரோமோசோம் பரிசோதனை. கதிர்வீச்சில் உடைந்த குரோமோசோம்கள் தப்பாக ஒட்டிக்கொள்ளும்போது, ஒரே குரோமோசோமில் சென்ட்ரோமியர் என்ற இணைப்புப் புள்ளி இரண்டு வந்துவிடும். அதற்கு டைசென்ட்ரிக் என்று பெயர். சாதாரண ஆளிடம் ஆயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். அதனால் எண்ணிக்கை கூடினால் ஆய்வகம் டோஸைச் சொல்லிவிடும். முழு உடம்பில் பட்டதா, ஒரு பகுதியில் மட்டுமா என்பதையும் டைசென்ட்ரிக்குகள் செல்களிடையே பரவியிருக்கும் விதத்தை வைத்து ஊகிப்பார்கள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதைச் செய்யும் ஆய்வகம் உண்டு.

நாம் எடுத்து அனுப்பும் ரத்தம் உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஏனென்றால் அங்கே லிம்போசைட்டை 48 மணி நேரம் வளர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஊதா மூடி வேண்டாம், ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடியில் சுமார் 10 மில்லி எடுங்கள். குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பட்டு 24 மணி நேரம் ஆன பிறகு எடுப்பது நல்லது, அதற்குள் ரத்தம் உடம்பெங்கும் கலந்திருக்கும். ஆனால் ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்தாக வேண்டும். ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், ஃப்ரீஸர் கூடவே கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் ஒரு மணி நேரம் இருந்தாலும் ரத்தம் வீண். தெர்மாகோல் பெட்டியில், துணி சுற்றி, அறை வெப்பத்தில் இருக்கும் ஜெல் பேக்குகளுக்கு நடுவில் வைத்து அன்றைக்கே கிளப்புங்கள். விமானத்தில் போகிறதென்றால் பெட்டி மேல் "எக்ஸ்ரேயில் விடக் கூடாது" என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஸ்கேனரில் போன ரத்தத்தின் முடிவைக் குழப்பமில்லாமல் படிக்க முடியாது.

பதில் வர மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்க முடியாது. அதனால்தான் வாந்தி, சிபிசி, கேமராக் கணக்கு மூன்றையும் இத்தனை வற்புறுத்துகிறேன்.

விரலைப் பாருங்கள், வேலையைக் கேளுங்கள்

ஒரு பையன் வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வீங்கி, கொப்புளத்தோடு வந்தான். வேறொரு இடத்தில் அலர்ஜி என்று சொல்லி ஊசி போட்டு, களிம்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று அங்கே யாருமே கேட்கவில்லை. "சூடு எதுவும் படலையே மேடம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் லேசாச் செவந்துச்சு, அப்புறம் தானா போயிடுச்சு" என்றான். அந்தச் சிவப்புதான் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டிய முதல் அடையாளம். கதிர் படும்போது சுடாது. சில மணி நேரத்தில் லேசாகச் சிவந்து, அடங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து முழு வேகத்தோடு திரும்பும். அவன் சிபிசி சுத்தமாக இருந்தது. மேலே போட்ட கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

தோலும் டோஸ் சொல்லும். முடி உதிர்ந்தால் சுமார் 3 கிரே. இரண்டு மூன்று வாரத்தில் நிலையான சிவப்பு வந்தால் 6. தோல் காய்ந்து உரிந்தால் 10 முதல் 15. கொப்புளமும் நீர்க்கசிவும் இருந்தால் 15 முதல் 25. கறுத்து அழுகினால் 25க்கும் மேல். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, செல்போனில் படம் எடுங்கள். வரும் அன்றைக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் எடுங்கள். அவசரப்பட்டு வெட்டி எடுக்க வேண்டாம், எல்லை தெரிய வாரங்கள் ஆகும். பிளாஸ்டிக் சர்ஜனை மட்டும் முதல் வாரத்திலேயே கூட்டிவந்து காட்டுங்கள்.

டோஸை வைத்து என்ன செய்வது

1 கிரேக்குக் கீழே என்று எல்லாத் தடயமும் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வந்து சிபிசி கொடுக்கச் சொல்லலாம். 1க்கும் 2க்கும் இடையில் என்றால் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, புத்தகம் வெளிநோயாளியாகப் பார்க்கலாம் என்றாலும். நம் பையன்களில் பலர் வெளியூர். லாட்ஜிலோ லேபர் ஷெட்டிலோ படுத்துக்கொண்டு காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டார்கள்.

2 கிரே என்று சந்தேகம் வந்தாலே அட்மிட் செய்து, வெள்ளணுவைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிமை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது பற்றிப் பெரிய மையத்தோடு பேசுங்கள். காயம் தைக்கவோ ஆபரேஷன் செய்யவோ வேண்டியிருந்தால் முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் அணுக்கள் இறங்கிவிடும். ஏற்றும் ரத்தம், அதிலுள்ள வெள்ளணு செயலிழக்கக் கதிரூட்டப்பட்டதாக, வெள்ளணு நீக்கியதாக இருக்க வேண்டும். 4 கிரேக்கு மேல் போகும் போலிருந்தால், லிம்போசைட் காலியாவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ டைப்பிங்குக்கு ரத்தம் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு தேடினால் செல் கிடைக்காது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் 3.5 முதல் 4 கிரேயில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோவார்கள். நல்ல கவனிப்பு அந்த எல்லையை வெகுவாகத் தள்ளி வைக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் பக்கம்தான், தாமதிக்க வேண்டாம். ரேடியோதெரபி உள்ள இடத்தில் மெடிக்கல் பிசிசிஸ்ட் இருப்பார், உங்கள் கணக்கை அவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் தர வேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டு. தந்தாயிற்றா என்று கேட்டு, பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

பையன்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "குழந்தை பிறக்குமா டாக்டரம்மா?" இதைக் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே பேச்செடுக்க வேண்டும். விதைப்பையில் 0.15 கிரே பட்டாலே விந்தணு கொஞ்ச காலம் குறையலாம், பிறகு திரும்பும். நிரந்தரமாகப் போக அதைவிடப் பல மடங்கு வேண்டும். பேனாவை வைத்து நடித்துக் காட்டியபோது இடுப்பு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று குறித்தோமே, அந்தத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அவனுக்கென்று ஒரு பதில் சொல்லுங்கள். பொதுவாக "ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கொடுத்தால் அவன் நம்ப மாட்டான். வயிற்றில் பிள்ளையோடு யாராவது அந்தப் பக்கம் இருந்திருந்தால், சிசுவுக்குப் பட்டது 100 மில்லிகிரேக்குக் கீழே என்றால் கருவைக் கலைக்கக் காரணமே இல்லை என்று குடும்பத்தையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது நேரங்கள் எழுதிய தாள், எல்லா சிபிசியும், உடம்பு டோஸும் விரல் டோஸும் தனித்தனியாக எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, விரல் படங்கள் எல்லாவற்றையும் ஒரு செட் நகல் எடுத்து அவன் கையில் கொடுங்கள், அவன் செல்போனிலும் ஏற்றிவிடுங்கள். மூன்றாவது வாரம் தோலைக் காட்டத் தேதி போடுங்கள். முகத்துப் பக்கம் 0.5 கிரே அளவுக்குப் பட்டிருந்தால் கண் டாக்டரிடம் வருஷா வருஷம் லென்ஸ் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். இந்தப் பையன்கள் ஆறு மாதத்தில் குஜராத்திலோ ஒடிசாவிலோ அடுத்த சைட்டில் இருப்பார்கள், அங்கே இருக்கும் டாக்டருக்கு நம் கையெழுத்து புரிய வேண்டும். சம்மரியை டைப் அடித்தே கொடுங்கள்.